சிங்கப்பூர்த் தமிழர்களிடம் வெண்புள்ளி மரபணு ஆய்வு: எப்படித் திட்டமிடலாம்?

மரபிழை

அனைவருக்கும் வணக்கம். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மரபியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வெண்புள்ளிக்குப் பின்னால் இருக்கும் மரபணுக்களைத் தேடும் ஒரு திட்டத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். நிதிக்கு விண்ணப்பம் போடும் முன் நம் மக்களிடம் கேட்டுவிட நினைத்தேன். என் தம்பிக்கும் வெண்புள்ளி இருக்கிறது. அதனால் இது எனக்குப் பட்டத்துக்கான வேலை மட்டும் இல்லை.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழிப்பதால் வருவது இது. தொற்றாது. உலகில் இருநூறு பேரில் ஒருவர் முதல் நூறு பேரில் ஒருவர் வரை இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. நோயாளிகளையும் மற்றவர்களையும் மரபணு முழுவதும் ஒப்பிட்டுப் பார்ப்பதை முழுமரபணு ஆய்வு என்பார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்த முதல் பெரிய முழுமரபணு ஆய்வு 2010இல் வந்தது. அதே ஆண்டில் சீனாவிலும் ஒன்று வந்தது. ஐரோப்பியரிடம் மட்டும் இதுவரை நோயோடு தொடர்புள்ள சுமார் 50 மரபணு இடங்கள் தெரிய வந்துள்ளன. இந்தியத் துணைக்கண்டத்து நோயாளிகளை வைத்து 2013இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் எச்எல்ஏ என்ற எதிர்ப்புச் சக்திப் பகுதி தெளிவாகத் தெரிந்தது, அதற்கு மேல் போக ஆள் பற்றவில்லை.

நமக்கு இங்கே ஒரு வசதி உண்டு. எஸ்ஜி10கே திட்டத்தில் 2019இல் வெளியான 4,810 சிங்கப்பூரர்களின் முழு மரபணுத் தொகுப்பில் இந்தியர்கள் 1,127 பேர். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் தயார். மறுபக்கம் நோயாளிகளை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. தனித்தனி ஆட்களா, குடும்பங்களா? யாரிடம் எப்படிக் கேட்பது? மனம் திறந்து சொல்லுங்கள்.

ஈசூன் ரவி

குடும்பத்தைப் பிடிங்க தம்பி. எங்க அப்பா வழியில் தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று தலைமுறையில் ஆறு பேருக்கு இருக்கிறது. பெரியப்பா, அத்தை, அத்தை மகன் என்று வரிசையாகச் சொல்லலாம். போதாததற்கு மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள். இப்படி ஒரே குடும்பத்தில் குவிந்திருந்தால் காரணமான ஜீனும் ஒன்றாகத்தானே இருக்கும்? ஆறு பேரின் எச்சில் எடுத்து முழுசாகப் படித்தால் கிடைத்துவிடாதா? நூற்றுக்கணக்கில் ஆள் எதற்கு?

புள்ளிக்கணக்கு

ரவி அண்ணா, கேட்கும்போது அப்படித்தான் தோன்றும். சில தோல் நோய்களில் அது சரியும்கூட. தோலே செதில் செதிலாக வறண்டு போகும் பிறவி நோய் ஒன்றில் ஃபிலாக்ரின் என்ற ஒரே மரபணு பழுதாவதுதான் காரணம் என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் கண்டுபிடித்தார்கள். கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய்க்கும் அதுவே பெரிய காரணங்களில் ஒன்று என்று உடனே தெரிந்தது.

வெண்புள்ளி அப்படிப்பட்டது இல்லை. பலர் பாதிக்கப்பட்ட குடும்பங்களை மட்டும் எடுத்து ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. அந்தக் குடும்பங்களில் தனியாக ஒரு வீரியமான ஜீன் ஓடவில்லை. மற்ற நோயாளிகளிடம் இருக்கும் அதே சின்னச் சின்ன வேறுபாடுகள் இவர்களிடம் இன்னும் கூடுதலாகச் சேர்ந்திருந்தன, பெரும்பாலும் அவ்வளவுதான். ஆறு பேரைப் படித்தால் அந்த ஆறு பேரும் பொதுவாக வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான வேறுபாடுகள் வந்து நிற்கும். எது நோய்க்கானது, எது வெறும் சொந்தத்துக்கானது என்று பிரிக்க வழி இருக்காது. சொந்தத்தில் திருமணம் என்றால் இன்னும் சிக்கல், பொதுவான பகுதிகள் நீளமாக இருக்கும்.

ஆனால் மரபிழை, உங்கள் பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே குடியிருப்பாளர்களில் இந்தியர் 9 விழுக்காடு, சுமார் 362,000 பேர். அதில் வெண்புள்ளி உள்ளவர்கள் 1,800 முதல் 3,600 பேர் வரை இருக்கலாம். இப்போது, மக்களில் 30 விழுக்காடு அளவில் பரவியிருக்கும் ஒரு வேறுபாடு நோய் வரும் வாய்ப்பை 1.2 மடங்கு கூட்டுகிறது என்று வையுங்கள். இந்த நோயில் பல இடங்களின் பலம் அந்த அளவில்தான் இருக்கும். முழுமரபணு ஆய்வில் ஒரு முடிவை நம்ப, அது தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு பத்துக் கோடியில் ஐந்துக்கும் கீழே இருக்க வேண்டும். நோயாளிகளைப் போல் பத்து மடங்கு ஒப்பீட்டாளர்கள், அதாவது நோய் இல்லாதவர்கள், கையில் இருந்தாலும் 3,000 நோயாளிகளுக்கு மேல் தேவைப்படுகிறது. அதாவது இந்தத் தீவில் உள்ள இந்திய நோயாளிகள் அத்தனை பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தமிழர் மட்டும் என்றால் அதில் பாதிதான் தேறும்.

உங்களால் 300 பேரைச் சேர்க்க முடியும் என்று வைத்தால், 1,127 ஒப்பீட்டாளர்களோடு, 1.9 மடங்குக்குக் கீழே உள்ள எதுவும் நம்பிக்கையாகக் கண்ணில் படாது. எச்எல்ஏ பகுதி ஒருவேளை தட்டுப்படலாம். அது ஏற்கெனவே தெரிந்ததுதான்.

நொவீனா தாதி

தோல் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எண்ணிக்கை இருக்கட்டும், முதலில் யார் நோயாளி என்பதைச் சரியாகப் பிரியுங்கள். கிளினிக்குக்கு “வெள்ளையா இருக்கு சிஸ்டர்” என்று வருபவர்களில் பாதிப் பேர் வேறு ஏதோ. நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் தேமல் சர்வசாதாரணம். பிள்ளைகள் கன்னத்தில் வரும் மங்கல் திட்டு வேறு. உணர்ச்சி குறைந்த மங்கல் திட்டு என்றால் தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும்.

நம் பெண்களுக்கு மட்டும் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். நெற்றி நடுவில் மட்டும் பொட்டு வைக்கும் வட்டத்தில் நிறம் போயிருந்தால் ஒட்டுப் பொட்டின் பசையைச் சந்தேகப்பட வேண்டும். சில பசைகளில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் மெலனோசைட்டைக் கொன்றுவிடும். ஜப்பானில் 2013இல் ரோடோடென்ட்ரால் கலந்த முகக் கிரீம்களால் ஆயிரக்கணக்கானோருக்குத் திட்டு வந்து, அவற்றைச் சந்தையிலிருந்தே எடுத்தார்கள். இவர்களையும் “வெண்புள்ளி” பட்டியலில் போட்டுவிட்டால் உங்கள் ஆய்வு கலங்கிவிடும்.

வுட்ஸ் விளக்கு இல்லாமல் யாரையும் சேர்க்காதீர்கள். விளக்கை எல்லாம் அணைத்து, கதவிடுக்கில் வெளிச்சம் வராமல் துணி வைத்து அடைத்து, ஒரு நிமிடம் கண் பழக விட்டு, அப்புறம் அந்த ஊதா விளக்கைக் காட்டினால் உண்மையான வெண்புள்ளி நீலம் கலந்த பால் வெள்ளையாகப் பளிச்சென்று நிற்கும். ஓரம் கத்தரித்த மாதிரி இருக்கும். வெறும் கண்ணுக்கு விரல் நுனியில் மட்டும் தெரிந்த ஆளுக்கு இமை ஓரத்திலும் உதட்டு முனையிலும் இருப்பது அப்போதுதான் தெரியும். கிரீம் பூசியிருந்தால் அதுவும் மின்னும், ஆகவே துடைத்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வரும் வகையைத் தனியாக வையுங்கள். 2011இல் உலக நிபுணர்கள் கூடி வகைப்படுத்தியபோதே அதை வேறாகத்தான் பிரித்தார்கள்.

வெண்புள்ளியோடு வாழ்பவள்

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். கணக்கு எனக்குப் புரியவில்லை, ஆனால் உங்கள் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

எனக்குப் பதினாறு வயதில் முழங்கையில் ஆரம்பித்தது. டாக்டர் “குடும்பத்தில் யாருக்காவது?” என்று கேட்டார். அம்மா “யாருக்குமே இல்லை” என்றார். அதே பதிலை நானும் எல்லாப் படிவத்திலும் எழுதிக்கொண்டே வந்தேன். எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த சமயத்தில்தான் சின்னம்மா ஒருவர் என்னைத் தனியே அழைத்து, தன் இடுப்பிலும் தொடையிலும் இருப்பதைக் காட்டினார். இருபது வருடமாக அவர் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மா பொய் சொன்னாரா, உண்மையிலேயே தெரியாதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

நம் வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஒரு பெண்ணுக்கு இருப்பது தெரிந்தால் அவள் தங்கைக்கும் வரன் நின்றுபோகும் என்ற பயம். அதனால் “குடும்பத்தில் யாருக்கும் இல்லை” என்ற பதிலை அப்படியே நம்பி மரபணு ஆய்வு செய்யாதீர்கள். படிவம் கொடுத்து எழுதச் சொல்லாதீர்கள். கூட்டமாக உட்கார வைத்தும் கேட்காதீர்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எந்த மருமகள் சொல்வாள்? ஒவ்வொருவரிடமும் தனியாக, பெண்களிடம் பெண்ணாக, “அம்மாவுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் மூத்தவருக்கு எப்படி, அடுத்தவருக்கு எப்படி” என்று ஒவ்வொரு ஆளாகக் கேளுங்கள். ஒருவர் சொன்னதை வீட்டில் மற்றவரிடம் சொல்ல மாட்டோம் என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள்.

புள்ளிக்கணக்கு

அக்கா, நீங்கள் சொன்னது ஆய்வின் அடிமடியிலேயே கை வைக்கிற விஷயம். மறைப்பது குடும்ப வரலாற்றை மட்டும் கெடுக்காது. “நோய் இல்லாதவர்” என்று நாம் எடுத்துக்கொள்ளும் ஒப்பீட்டாளர்களுக்குள்ளும் மறைத்தவர்கள் இருப்பார்கள். எஸ்ஜி10கே போன்ற தொகுப்புகள் இந்த நோய்க்காகச் சேர்த்தவை அல்ல. அதில் உள்ள யாரையும் யாரும் வுட்ஸ் விளக்கில் பார்த்திருக்க மாட்டார்கள். நூற்றில் ஒருவர் என்ற அளவில் இருந்தால் முடிவு பெரிதாகக் கெடாது என்பது ஓர் ஆறுதல். ஆனால் நோயாளிகளின் உறவினர்களை ஒப்பீட்டாளராக வைக்கப் போனால் நிலைமையே வேறு. வயதும் முக்கியம். பாதிப் பேருக்கு 20 வயதுக்குள் ஆரம்பிக்கிறது, மற்றவர்களுக்குப் பிறகு வரலாம். புதிதாக ஒப்பீட்டாளர் சேர்ப்பதானால் 40 வயதுக்கு மேற்பட்டவர்களாகப் பாருங்கள்.

காலாங் குமார்

என் மகளுக்கு 11 வயது. வாரம் இரண்டு முறை யூவிபி ஒளி சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன். பள்ளி முடிந்து, பேருந்து பிடித்து, வரிசையில் நின்று, சில நிமிட வெளிச்சத்துக்காக அரை நாள் போகிறது. முகத்தில் நிறம் திரும்பியிருக்கிறது, விரல்களில் அசைவே இல்லை. ஜீனைக் கண்டுபிடித்து என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு 23 விழுக்காடுதான் வருகிறது என்று படித்தேன். அப்படியானால் ஜீன் பெரிய காரணமே இல்லையே. இந்தப் பணத்தை ஒளி சிகிச்சையை வீட்டுப் பக்கத்துப் பலதுறை மருந்தகத்துக்குக் கொண்டு வரச் செலவிடலாம் அல்லவா?

மரபிழை

குமார் அண்ணா, நேரடியாகப் பதில் சொல்கிறேன். இந்த ஆய்வால் உங்கள் மகளின் விரல்களுக்கு இப்போது எதுவும் கிடைக்காது. ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்திலேயே அதை எழுதுவேன். ஒளி சிகிச்சை வீட்டுப் பக்கத்தில் வேண்டும் என்பது முழு நியாயம். அது வேறு இடத்தில் கேட்க வேண்டிய பணம், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

23 விழுக்காடு பற்றி: பொது மக்களில் ஒரு விழுக்காடோ அதற்கும் குறைவோ என்பதோடு வைத்துப் பாருங்கள். மரபு பெரிய பங்கு வகிக்கிறது, மிச்சத்தை வேறு ஏதோ தூண்டுகிறது. இரண்டும் உண்மை.

மரபணுப் பட்டியல் கொடுத்த பலன் இது. கிடைத்த இடங்களில் பெரும்பாலானவை நிறத்துக்கானவை அல்ல, எதிர்ப்புச் சக்திக்கானவை. தைராய்டு, முதல் வகை நீரிழிவு போன்றவற்றோடு பல இடங்கள் பொதுவானவை. நிறத்துக்கான டைரோசினேஸ் மரபணுவில் ஐரோப்பியரிடம் பரவலாக உள்ள ஒரு வேறுபாடு வெண்புள்ளி வாய்ப்பைக் குறைக்கிறது, அதுவே மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது. எதிர்ப்புச் சக்தி மெலனோசைட்டைக் கண்காணிக்கும் வேலை ஒரு பக்கம் அதிகமானால் வெண்புள்ளி, குறைந்தால் புற்றுநோய்க்கு இடம் என்று ஒரு படம் அதிலிருந்து கிடைத்தது. 2022 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ருக்ஸோலிட்டினிப் களிம்பும் எதிர்ப்புச் சக்தியின் ஒரு சமிக்ஞையைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. அந்தக் களிம்பு மரபணு ஆய்விலிருந்து நேராகப் பிறந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன.

அதே டைரோசினேஸ் வேறுபாடு கிழக்காசியரிடம் அநேகமாக இல்லவே இல்லை. ஐரோப்பியப் பட்டியலை நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதற்கு இது ஒன்று போதும். இங்கேயே முன்னுதாரணம் உண்டு. கரப்பானில் ஃபிலாக்ரின் பழுதுகளைச் சிங்கப்பூர்ச் சீனர்களிடம் தேடியபோது ஐரோப்பியரின் இரண்டு பிரபலமான பழுதுகளை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. மரபணு முழுவதையும் படித்த பிறகுதான் அவர்களுக்கே உரியவை வெளிவந்தன. யாரோ உட்கார்ந்து தேடினார்கள், அதனால் கிடைத்தது. நம்மிடம் யாராவது தேட வேண்டாமா?

புள்ளிக்கணக்கு சொன்ன எண்களைப் பார்த்த பிறகு கேள்வியை மாற்றலாம் என்று நினைக்கிறேன். “புதிய ஜீன் எது” என்பதற்குப் பதில் “தெரிந்த 50 இடங்களும் நம்மிடம் எவ்வளவு வேலை செய்கின்றன” என்று கேட்டால்?

புள்ளிக்கணக்கு

அது 300 பேருக்குள் அடங்கும் கேள்வி. ஐம்பது இடங்களையும் கூட்டி ஒருவருக்கு ஒரு மதிப்பெண் போட்டு, நோயாளிகளின் சராசரி மற்றவர்களைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்க்கலாம். ஐரோப்பியர்களை வைத்துச் செய்த மதிப்பெண்கள் மற்ற இனத்தாரிடம் பலம் குறைவது பல நோய்களில் தெரிந்த விஷயம். நம்மிடம் எவ்வளவு குறைகிறது என்பதே வெளியிடத் தகுந்த முடிவு. எச்எல்ஏ பகுதியை மட்டும் நுணுக்கமாக வகைப்படுத்துங்கள். வட இந்திய நோயாளிகளிடம் டிஆர்பி1*07:01 என்ற வகை கூடுதலாக இருப்பதைத் தில்லி ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தமிழர்களிடமும் அதுவா, வேறா என்று சொன்னாலே பெரிது.

ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. எஸ்ஜி10கேயின் “இந்தியர்” என்பதில் தமிழர், மலையாளி, தெலுங்கர், பஞ்சாபி, சிந்தி, குஜராத்தி எல்லாரும் உண்டு. உங்கள் நோயாளிகள் எல்லாரும் தமிழராக இருந்தால், தமிழருக்கும் பஞ்சாபிக்கும் உள்ள வித்தியாசம் நோயின் வித்தியாசம் போல வேஷம் போட்டு வரும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, மரபணுவிலேயே நெருக்கத்தைக் கணக்கிட்டுச் சரிசெய்வது. மற்றது, நோயாளியோடு அப்பா அம்மாவையும் சேர்த்து மூவராக எடுப்பது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எது வந்தது, எது வரவில்லை என்று வீட்டுக்குள்ளேயே ஒப்பிடுவதால் இனக் கலப்புப் பிரச்சினை எழாது. குமார் அண்ணா மாதிரி பிள்ளைக்கு இருப்பவர்கள் இதற்கு மிகப் பொருத்தம்.

ஈசூன் ரவி

அப்படியானால் படிவத்தில் சாதி கேட்பீர்களா? நமக்குள் காலங்காலமாக உள்ளுக்குள்ளேயே கல்யாணம் என்பதால் ஜீனில் அது தெரியும் என்று சொல்கிறார்களே.

வெண்புள்ளியோடு வாழ்பவள்

கேட்காதீர்கள். கேட்டால் நான் எழுந்து போய்விடுவேன். என் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தையே தெரியாமல் வளர்த்திருக்கிறேன்.

மரபிழை

கேட்க மாட்டேன் அக்கா. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, நெருக்கம் எவ்வளவு என்பதை மரபணுத் தரவே சொல்லிவிடும். தாத்தா பாட்டி நால்வரின் ஊர், வீட்டில் பேசிய மொழி, பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா, இந்த மூன்றும் போதும். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த குடும்பங்களும் இங்கே நிறைய இருப்பதால் ஊர் முக்கியம். கட்டுரையில் ஊர் வாரியாக, குழு வாரியாக எதையும் வெளியிட மாட்டோம் என்பதையும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதித் தருகிறேன்.

காலாங் குமார்

மூவராக என்றால் நானும் மனைவியும் வர வேண்டும். சரி, யோசிக்கிறேன். ஆனால் நாளை இவள் பெரியவளாகி இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது “உன் ஜீனில் இது இருக்கிறது” என்று மறுத்தால்?

நொவீனா தாதி

அண்ணா, அதற்கு இங்கே ஏற்பாடு இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்துகொண்ட இணக்கம் நடப்பில் உள்ளது. மரபணுச் சோதனை செய்துகொள் என்று காப்புறுதி நிறுவனம் வற்புறுத்த முடியாது. ஆய்வுக்காகக் கொடுத்ததன் முடிவைக் கேட்கவும் முடியாது. ஆனால் டாக்டர் கண்டறிந்த நோயை மறைக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அதைக் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2015இல் வந்த மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி, புரியும் மொழியில் விளக்கி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பிள்ளைகள் என்றால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும், விவரம் புரியும் வயது என்றால் பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும். உங்கள் மகள் “வேண்டாம்” என்றால் அதோடு முடிந்தது. தற்செயலாக வேறு ஏதாவது நோயின் அறிகுறி தெரிந்தால் உங்களுக்குச் சொல்லவா வேண்டாமா என்பதையும் முன்கூட்டியே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவசரமாக டிக் போடாதீர்கள், வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.

ஈசூன் ரவி

தஞ்சாவூரில் இருக்கும் என் அத்தையின் எச்சிலைக் குப்பியில் அடைத்து நானே கொண்டு வந்துவிடலாமா? அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன்.

மரபிழை

வேண்டாம் அண்ணா. அன்பாகச் சொல்கிறீர்கள், ஆனால் வெளிநாட்டோடு சேர்ந்து செய்யும் மருத்துவ ஆய்வுக்கு இந்தியாவில் சுகாதார அமைச்சின் பரிசீலனைக் குழு அனுமதி தர வேண்டும். அது இல்லாமல் வந்த குப்பியை நான் தொடவே முடியாது. அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். அத்தையிடம் பேசிக் குடும்ப மரத்தை எழுதி வாருங்கள், யாருடைய பெயரும் வேண்டாம், உறவு முறையும் எந்த வயதில் ஆரம்பித்தது என்பதும் போதும். அவர் சம்மதித்தால் மட்டும்.

இங்கே இருப்பவர்களிடம் எச்சிலா ரத்தமா என்று யோசித்தேன். எச்சிலுக்கு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல், வெற்றிலை போடாமல் இருக்க வேண்டும். அப்புறம் நுரை நீங்கலாக இரண்டு மில்லி வரும்வரை துப்ப வேண்டும். வாய் வறண்ட முதியவர்களுக்கு இது பெரும்பாடு. ரத்தம் எடுத்தால் தைராய்டையும் கூடவே பார்த்து முடிவைக் கையில் கொடுக்கலாம். வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், வருபவர்களுக்கு உடனடியாகப் பயன்படும் ஒன்றாவது இருக்கும். ஆகவே பெரியவர்களுக்கு ரத்தம், சிறுவர்களுக்கு எச்சில்.

வெண்புள்ளியோடு வாழ்பவள்

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லிட்டில் இந்தியாவில், தேக்காவில் மேசை போட்டுக் கூப்பிடாதீர்கள், தெரிந்தவர் கண்ணில் படும் இடத்துக்கு யாரும் வர மாட்டார்கள். தோல் மருத்துவமனை வாசலில் நிற்பதே பலருக்குக் கூச்சம். பொதுவான ஆய்வுக்கூடமாக, வார இறுதியில், பெண்களைப் பார்க்கப் பெண் ஊழியரோடு இருந்தால் என் சின்னம்மாவிடம் நான் பேசிப் பார்க்கிறேன். அவர் வந்தால் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். தமிழ்ப் படிவத்தை அனுப்புங்கள், எந்த வரியில் எங்கள் ஆட்கள் பயந்து நிறுத்துவார்கள் என்று குறித்துத் தருகிறேன்.

புள்ளிக்கணக்கு

தரவை முடிவில் பெரிய கூட்டு ஆய்வுகளோடு இணைக்கலாம் என்ற ஒப்புதல் வரியைக் கட்டாயம் சேருங்கள். அந்த வரி இல்லாமல் 300 பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், நாளை இந்தியாவிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ 3,000 பேர் கொண்ட குழு கைகோக்கக் கேட்டாலும் நம்மால் தர முடியாது. புதிய ஜீனைத் தேடும் வேலை அங்கேதான் நடக்கும், நம் ஆட்கள் அதில் இருக்க வேண்டும்.

காலாங் குமார்

அந்த வரியைத் தனி ஒப்புதலாக வையுங்கள். இந்த ஆய்வுக்குச் சரி, வெளியே அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு வேண்டும்.

மரபிழை

இரண்டு தனிப் பெட்டிகளாகவே வைக்கிறேன் அண்ணா, ஒன்றை விட்டாலும் மற்றது செல்லும். இதுவரை பேசியதை வைத்து வரைவைத் திருத்துகிறேன்: கேள்வி தெரிந்த 50 இடங்களும் எச்எல்ஏவும், வுட்ஸ் விளக்கில் உறுதிசெய்த இருபக்க வகை மட்டும், முடிந்த இடத்தில் பெற்றோரோடு மூவர், குடும்ப விவரம் தனித்தனி நேர்காணலில். அக்கா, தமிழ்ப் படிவம் வெள்ளிக்கிழமை இரவு உங்களுக்குத் தனிச் செய்தியில் வரும். தாதி அக்கா, விளக்குச் சோதனைக்கு எத்தனை நிமிடம் ஒதுக்க வேண்டும், ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று சொன்னால் செலவுக் கணக்கைப் போட்டுவிடுவேன்.

நொவீனா தாதி

உடம்பு முழுவதும் பார்த்துப் படம் வரைந்து குறிக்க ஓர் ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம் வையுங்கள். பேசுவதற்கு அதற்கு மேல் இன்னும் அரை மணி. முதல் முறையாக ஒருவரிடம் காட்டுபவர்கள் உடனே எழுந்து போக மாட்டார்கள். ஒரு நாளில் எட்டுப் பேருக்கு மேல் போடாதீர்கள்.